பூனைக்கு என்ன பிடிக்கும்?

ஐப்பசி மாதம், மழை விட்டிருந்த ஒரு மாலை. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் நடந்துகொண்டிருந்த எங்கள் செவலைப் பூனை, பாசியில் கால் வழுக்கி இரண்டு மாடி உயரத்திலிருந்து சிமெண்ட் தரையில் விழுந்தது. நான் ஓடி இறங்கிப் பார்த்தபோது நான்கு காலில் நின்றுகொண்டிருந்தது. உடம்பை ஒருமுறை உதறிக்கொண்டு வீட்டுக்குள் வந்தது. கட்டிலுக்கடியில் போய்ச் சுருண்டது. குனிந்து அதன் முதுகில் கை வைத்தேன். தொண்டையிலிருந்து கர்கர் என்று அந்தப் பழகிய சத்தம் வந்தது.

“பூனைக்கு என்னடா ஆகும்? எங்கேர்ந்து விழுந்தாலும் நின்னுக்கும்” என்றாள் அம்மா. நானும் நம்பினேன். வழக்கம்போல் கொட்டாங்குச்சியில் பால் ஊற்றி அருகில் வைத்தாள்.

மறுநாள் பகல் முழுக்கப் பால் அப்படியே இருந்தது. வாயோரம் எச்சில் வழிந்தது. ஆனாலும் தொட்டால் கர்கர் சத்தம் நிற்கவில்லை. இரவு, வீட்டில் நாங்கள் போட்டுக்கொள்ளும் பாராசிட்டமால் மாத்திரையில் கால்வாசியை உடைத்துக் கையில் எடுத்துக்கொண்டேன். அளவு சரிதானா என்று கேட்கத்தான் கால்நடை மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் குரல் மாறியது. “குடுத்துட்டீங்களா?” இல்லை என்றேன். “குடுக்காதீங்க. உடனே தூக்கிட்டு வாங்க.”

நமக்குக் காய்ச்சலைத் தணிக்கும் அந்த மாத்திரை பூனைக்கு விஷம். அதை உடைத்து வெளியேற்றும் வேலையை நம் ஈரல் செய்வதுபோலப் பூனையின் ஈரலால் செய்ய முடியாது. மருந்து தங்கி ரத்தத்தைக் கெடுக்கும். ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் வலுவை இழக்கும். ஒரு மாத்திரையே உயிரைக் குடிக்கப் போதும். வலியைப் போக்குகிறேன் என்று நம்பி, என் கையாலேயே அதைக் கொன்றிருப்பேன். அந்த எண்ணம் இன்றும் என் விரல் நுனியில் இருக்கிறது.

எக்ஸ்ரேயில் கீழ்த்தாடை நடுவில் பிளந்திருந்தது தெரிந்தது. நெஞ்சிலும் அடி. பூனை கால் ஊன்றித்தான் விழுந்திருக்கிறது. ஆனால் விழுந்த வேகத்தைக் கால்கள் மட்டும் தாங்க முடியாமல் மோவாய் தரையில் மோதியிருக்கிறது.

பூனை காற்றில் புரண்டு கால் ஊன்றுவது உண்மை. 1894-லேயே பிரெஞ்சு விஞ்ஞானி எத்தியேன் ழூல் மாரே அதைக் கணத்துக்குக் கணம் படமெடுத்துக் காட்டினார். ஆனால் கால் ஊன்றுவது வேறு, காயமில்லாமல் தப்புவது வேறு. 1987-ல் நியூயார்க் விலங்கு மருத்துவமனை ஒன்றின் மருத்துவர்கள், உயரக் கட்டடங்களிலிருந்து விழுந்த 132 பூனைகளைப் பற்றி எழுதினார்கள். சிகிச்சை பெற்றவற்றில் 90 சதவீதம் பிழைத்தன. உலகம் அந்த 90-ஐ மட்டும் பிடித்துக்கொண்டது. பெரும்பாலானவற்றுக்கு நெஞ்சிலும், பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு முகத்திலும் அடி என்று அதே கட்டுரையில் இருந்தது பேச்சில் வரவில்லை. விழுந்த இடத்திலேயே செத்த பூனையை யாரும் மருத்துவமனைக்குத் தூக்கிப் போவதில்லை என்பதும் நினைவுக்கு வரவில்லை.

“கர்கர்னு சத்தம் போட்டுக்கிட்டே இருந்துச்சே சார், நல்லா இருக்குன்னு நினைச்சிட்டோம்” என்றேன். “வலியிலயும் போடும், சாகும்போதுகூடப் போடும்” என்றார் மருத்துவர், மெல்லிய கம்பியால் தாடையைக் கட்டிக்கொண்டே.

சுகத்தில் வரும் அந்தச் சத்தம் பிரசவத்திலும் காயத்திலும் கடைசி மூச்சிலும் வரும். பால் குடிக்கும் குட்டியும் ஊட்டும் தாயும் பரிமாறிக்கொள்ளும் முதல் பேச்சு அது. பயத்தில் தன்னைத்தானே தேற்றிக்கொள்ளவும் பூனை அதைப் பயன்படுத்துகிறது என்று நினைக்கிறார்கள். அதைக் கேட்டபோது எனக்கு என் அத்தை நினைவுக்கு வந்தார். முழங்கால் வலி கூடும் நாட்களில் அவர் சமையலறையில் மெல்லப் பாட்டு முணுமுணுப்பார். “அத்தை இன்னிக்கு சந்தோஷமா இருக்காங்க” என்று நாங்கள் பேசிக்கொள்வோம். அந்தப் பாட்டு எதற்கென்று அவர் போன பிறகுதான் மாமா சொன்னார்.

தீனியிலும் நாங்கள் அதைத் தவறாகத்தான் புரிந்துவைத்திருந்தோம். எங்கள் வீடு சைவம். முட்டைகூட வாசற்படி தாண்டாது. பூனைக்குப் பாலும் தயிர்ச்சாதமும், வெள்ளிக்கிழமையானால் ஒரு கை சர்க்கரைப் பொங்கலும் வைப்பாள் அம்மா. வைக்கும்போது அவள் முகத்தில் இருக்கும் கனிவை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பூனைக்கு இனிப்பே தெரியாது. இனிப்பை உணரும் மரபணு அதற்குப் பழுதாகிக் கிடக்கிறது என்று 2005-ல் பிலடெல்பியாவின் மோனெல் ஆய்வு மையத்தினர் கண்டறிந்தார்கள். பாலில் அதை இழுப்பது கொழுப்பு. குட்டிப் பருவம் தாண்டிய பெரும்பாலான பூனைகளுக்குப் பால் சரியாகச் செரிப்பதில்லை, வயிற்றுப்போக்குதான் மிஞ்சும். பாற்கடலை நக்கிக் குடிக்க வந்த பூனையாகத் தன்னைச் சொல்லிக்கொண்டு கம்பர் அவையடக்கம் பாடிய நாடு இது. பூனையையும் பாலையும் பிரித்துப் பார்ப்பது நமக்கு எளிதல்ல.

இறைச்சி பூனைக்கு ருசி அல்ல, தேவை. டாரின் என்ற சத்து இயற்கையில் அதற்கு இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும்தான் கிடைக்க வேண்டும். அது குறைந்தால் கண் பார்வை போகும், இதயம் வீங்கித் தளரும். டப்பா உணவு தின்று இதய நோயில் செத்துக்கொண்டிருந்த பூனைகளுக்குக் குறைந்தது டாரின்தான் என்று கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பால் பியோன் 1987-ல் காட்டினார். அதன் பிறகே பூனைத் தீனிகளில் அதை அதிகமாகச் சேர்த்தார்கள். எங்கள் செவலை இத்தனை நாள் பிழைத்திருந்தது அம்மாவின் தயிர்ச்சாதத்தால் அல்ல, கொல்லைப்புறத்து எலிகளால்.

பூனையின் குணத்தையும் நாம் இப்படித்தான் தவறாகப் படித்தோம். மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு என்று சொல்லும் பாறையின் அடியில் ஒரு பூனை கைகளை மேலே தூக்கித் தவம் செய்கிறது. சுற்றிலும் எலிகள். மனிதனின் பொய் வேடத்துக்கு நாம் பூனையின் முகத்தைச் செதுக்கி வைத்தோம். நன்றி கெட்டது என்றும், வீட்டோடுதான் ஒட்டும், ஆளோடு ஒட்டாது என்றும் பெயர் வைத்தோம். ஒரேகான் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2019-ல் பூனைக்குட்டிகளை வளர்ப்பவரிடமிருந்து சிறிது நேரம் பிரித்து மறுபடி சேர்த்துப் பார்த்தார்கள். மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவானவை, அவர் வந்ததும் அமைதியாகி நம்பிக்கையோடு சுற்றித் திரிந்தன. மனிதக் குழந்தைகளிடமும் ஏறக்குறைய இதே விகிதம்தான். அதே ஆண்டில் ஜப்பானில் அட்சுகோ சைட்டோ குழுவினர், பூனை தன் பெயரைப் பிற சொற்களிலிருந்து பிரித்து அறிகிறது என்று காட்டினார்கள். கூப்பிட்டால் வராததால் அதற்குப் பெயர் தெரியாது என்று முடிவு கட்டியது நாம்தான்.

அன்பு போதும், மற்றதெல்லாம் தானாக வரும் என்று சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். எனக்கு இப்போது அந்தச் சொல்லில் நம்பிக்கையில்லை. கால்வாசி மாத்திரையை நான் கையில் வைத்திருந்தபோது என்னிடம் அன்பு குறைவாக இல்லை. எனக்கு வலித்தால் எது வேண்டுமோ அதையே எடுத்தேன். அம்மா தனக்கு இனிப்பது எதுவோ அதையே வைத்தாள். நாங்கள் இருவரும் பூனைக்குள் எங்களையே வைத்துப் பார்த்திருக்கிறோம். எதிரில் இருக்கும் உயிர் நம்மைப் போன்றதல்ல என்று ஒப்புக்கொள்ளாத அன்பு, எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும், ஆபத்தானது. பிள்ளைகளிடமும் வயதான பெற்றோரிடமும் இதைத்தானே செய்கிறோம்? “உனக்கு என்ன வேணும்?” என்று கேட்காமல், கேட்டாலும் பதிலுக்குக் காத்திருக்காமல், தட்டை நிரப்பிவிடுகிறோம்.

செவலையின் தாடையில் கம்பி இருந்த வாரங்களில் ஊசியில்லாத சிரிஞ்சால் உணவு கொடுத்தோம். கம்பி எடுத்த மறுநாள் காலை, மீன்காரம்மாவின் குரல் தெருவில் கேட்டது. அம்மா கொல்லைக் கதவைத் திறந்தாள். வாழ்க்கையில் முதல் முறையாக அவரை நிறுத்தி, “மத்தி இருக்கா? கொஞ்சம்போல போதும்” என்றாள். கொல்லையில் தனியாக ஒரு அடுப்பு வைத்து, உப்பு, மசாலா எதுவும் சேர்க்காமல் வேகவைத்து, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு முள்ளை எடுத்துத் தட்டில் வைத்தாள். அது தின்று முடிக்கும் வரை படியிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு கொட்டாங்குச்சியைக் கழுவித் தண்ணீர் ஊற்றி வைத்தாள்.