ஒப்படைக்கத் தெரிந்த ஊழியம்

ஒரு மக்கள் கேட்காத ஒன்றை, அவர்களுக்கு அது நன்மை தரும் என்ற நம்பிக்கையோடு கொண்டு செல்பவர், எந்தக் கட்டத்தில் அதைத் தம் பொறுப்பிலிருந்து விடுவித்து அவர்களிடமே ஒப்படைக்க வேண்டும் என்னும் கேள்வி பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஊர்ப்பணி ஆற்றுவோருக்கும் என்றேனும் ஒருநாள் எழவே செய்கிறது. அக்கேள்வியைக் கூர்மையாகக் காட்டும் களங்களுள் ஒன்று, சிறு தீவுகளில் நடந்த கிறிஸ்தவ ஊழியத்தின் வரலாறு. தீவில் வந்தவரும் இருப்பவரும் நெடுநாள் ஒருவருக்கொருவர் மறைந்து வாழ முடியாது. வந்தவரின் பொறுமையும் பொறுமையின்மையும் சில பருவங்களுக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். நிக்கோபார்த் தீவுக்கூட்டத்தின் வடகோடியில் உள்ள கார் நிக்கோபாரின் திருச்சபை வரலாறு இவ்வகையில் ஆழ்ந்து கற்கத்தக்கது. அதில் தமிழர் ஒருவருக்கு முக்கியமான பங்கு இருப்பதால் தமிழ் வாசகர் அதை அறிந்திருப்பது கடமையும் ஆகிறது.

ஏறத்தாழ 127 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கார் நிக்கோபார் பவளப்பாறையின் மேல் அமைந்த தட்டையான தீவு. தென்னை, தாழையினத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் பெரும்பழம், கிழங்கு, பன்றி, மீன் ஆகியவற்றை நம்பி அம்மக்கள் வாழ்ந்தனர். தேங்காயைக் கொடுத்துத் துணியும் இரும்பும் அரிசியும் பெற்றனர். அவர்களுடைய வாழ்வின் அச்சாக விளங்குவது ‘துஹெட்’ எனப்படும் கூட்டுக்குடும்பம். நிலமும் தென்னந்தோப்பும் பன்றிகளும் துஹெட்டுக்கே பொதுவானவை. தனியொருவர் தமக்கென வைத்திருப்பது மிகச் சிறிது. கடற்கரையை ஒட்டி ‘எல்பனாம்’ எனப்படும் ஊர்ப்பொதுவிடம் இருந்தது. பிறப்புக்கும் இறப்புக்கும் உரிய வீடுகள் அங்கே இருந்தன, விழாக்களும் அங்கே நடந்தன. இவ்வளவு இறுக்கமாகப் பின்னப்பட்ட வாழ்வில் ஒருவர் மட்டும் தனியே பிரிந்து புதிய சமயம் ஒன்றில் சேர்வது, சொத்திலும் சோற்றிலும் சாவுச் சடங்கிலும் உறவை அறுத்துக்கொள்வதற்கு நிகராகும்.

இத்தீவுகளை நோக்கிய முதல் நெடிய முயற்சிகளுள் ஒன்று தமிழ்க் கரையிலிருந்தே புறப்பட்டது. தரங்கம்பாடியில் வணிகக் குடியிருப்பு வைத்திருந்த டேனியர் 1756இல் நிக்கோபாரைத் தமதாக்க முனைந்தனர். ஹெர்ன்ஹூட் என்னும் செருமானிய ஊரை மையமாகக் கொண்ட மொரேவிய சகோதரர்கள், அதாவது உழைத்து உண்டு எளிமையாக வாழ்ந்து ஊழியம் செய்வதைக் கொள்கையாகக் கொண்ட சீர்திருத்தக் கிறிஸ்தவக் குழுவினர், 1760இல் தரங்கம்பாடிக்கு அருகே குடியேறி, 1768இல் நான்கௌரித் தீவில் இறங்கினர். அவர்களுடைய அர்ப்பணிப்பைக் குறைத்து மதிப்பிட எவருக்கும் உரிமை இல்லை. காட்டைத் திருத்தினர், சிப்பிகளும் பிற இயற்கைப் பொருள்களும் சேகரித்து விற்று வயிறு வளர்த்தனர், காய்ச்சலில் ஒருவர் பின் ஒருவராக இறந்தனர். அங்கே பல ஆண்டுகள் வாழ்ந்த ஹென்சல் என்பவர் பிற்காலத்தில் எழுதிய கடிதங்கள் 1812இல் நூலாக வெளிவந்தன. தீவு மக்களின் மொழி தங்களுக்கு முழுமையாகக் கைவராத துயரத்தை அவற்றில் காணலாம். 1787இல் அந்த ஊழியம் கைவிடப்பட்டபோது, அதைத் தொடர உள்ளூரார் ஒருவரும் இருக்கவில்லை. உயிரையே பணயம் வைத்தவர்கள் கூட, கொண்டுவந்ததைக் கொடுக்க முடியாமல் திரும்பினர் என்பது கனத்த செய்தி.

அடுத்த நூற்றாண்டில் அந்தமானில் நடந்தது இதைவிடக் கொடியது. போர்ட் பிளேர் தண்டனைக் குடியிருப்பின் குருவாகிய ஹென்றி கார்பின் 1863இல் ராஸ் தீவில் அந்தமான் பழங்குடியினருக்காக ஓர் இல்லம் தொடங்கினார். பழங்குடியினரைத் தம் ஊருக்கு வரவழைத்து, தம் உடையை உடுத்துவித்து, தம் முறையில் பழக்குவதே அதன் வழி. அந்த நெருக்கத்தோடு நோய்களும் பரவின. 1877இல் தட்டம்மை பெரும் அழிவைக் கொண்டுவந்தது. ஆயிரக்கணக்கில் இருந்த பெரிய அந்தமானியர் பிற்காலத்தில் சில பத்துப் பேராகக் குறைந்தனர். இந்த அழிவு முழுவதையும் ஒரு குருவின் மீது சுமத்துவது நியாயமாகாது. குடியேற்ற ஆட்சியே அதன் முதற்காரணம். ஆயினும் நல்லெண்ணம் ஒன்றே போதுமானது என்று கருதும் எவரும் ராஸ் தீவை மறந்துவிடக் கூடாது.

இந்தப் பின்னணியில்தான் வேதப்பன் சாலமோன் என்னும் தமிழ்க் கிறிஸ்தவர் 1890களின் நடுவில் கார் நிக்கோபாரின் முஸ் கிராமத்திற்கு வந்து சேர்ந்தார். அவர் குருப்பட்டம் பெற்றவரல்லர். உபதேசியார், அதாவது ஆயர் இல்லாத இடத்தில் வேதபாடம் கற்பித்து, வழிபாடு நடத்தி, நோயுற்றோரைச் சென்று பார்க்கும் திருச்சபை ஊழியர். எஸ்.பி.ஜி. என்று திருநெல்வேலிச் சீமையிலும் நன்கு அறியப்பட்ட ஆங்கிலிக்கன் சங்கத்தின் பணி அது. அவரே பள்ளி ஆசிரியர். அரசின் முகவரும் வானிலை குறிப்பவரும் அவரே. ஆட்சியின் நிழல் அவர் மீது விழுந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் விட்டுச் சென்ற நாட்குறிப்புகள், 1902இல் இங்கிலாந்தின் மானிடவியல் ஆய்விதழ் ஒன்றில் அவற்றின் பகுதிகள் வெளியாகும் அளவுக்கு மதிப்புடையவையாக இருந்தன. ஊரில் யார் இறந்தார், எந்தச் சடங்கு எப்படி நடந்தது, ஆவிகளை விரட்ட எத்தனை பேர் கூடினர், எந்தக் கப்பல் வந்தது என்று நாள்தோறும் கண்டதை அவர் எழுதி வைத்தார். தாம் மாற்ற விரும்பிய வழக்கங்களையே ஒருவர் இத்தனை கவனமாகக் குறித்து வைப்பதற்கு, அவ்வழக்கங்களை உடைய மனிதர்கள் மீது உண்மையான ஈடுபாடு வேண்டும். அவருடைய உபதேசத்தைக் காட்டிலும் இந்தக் கவனமே கிராமத்தில் அவருக்கு இடம் பெற்றுத் தந்தது என்று எண்ணத் தோன்றுகிறது.

அவர் செய்த மிகப் பெரிய காரியம், தம்மிடம் படித்த சிறுவர் சிலரைக் கடல் கடந்து பர்மாவின் மாண்டலேயில் இருந்த திருச்சபைப் பள்ளிக்கு அனுப்பியது. 1877இல் அமைந்த இரங்கூன் பேராயத்திற்குள், அதாவது பேராயர் ஒருவரின் நிருவாகத்திற்கு உட்பட்ட திருச்சபை வட்டாரத்திற்குள், இத்தீவுகள் அடங்கியிருந்ததால் அவ்வழி இயல்பாகவே திறந்திருந்தது. நம்பிக்கைக்குரிய மாணவரை அருகிலேயே உதவியாளராக வைத்துக்கொள்ளும் ஆசை எந்த ஆசிரியருக்கும் உண்டு. சாலமோன் அவர்களை விட்டுப் பிரிந்தார். 1909இல் அவர் இறந்தார். மாண்டலேயில் பயின்றோருள் ஒருவராகிய, 1884இல் முஸ் கிராமத்தில் பிறந்த ஜான் ரிச்சர்ட்சன், 1912இல் ஆசிரியராகவும் உபதேசியாராகவும் ஊழியத்தில் அமர்ந்தார். ஆசிரியர் கண்ணாரக் காணாத தொடர்ச்சி அது. ஆனால் அவர் காண வேண்டிய தேவையின்றியே அது நடந்தது என்பதில்தான் அவருடைய பணியின் நிறைவு இருக்கிறது.

ரிச்சர்ட்சனின் வாழ்க்கை தனி நூலுக்கு உரியது. எழுத்து வடிவம் இல்லாதிருந்த கார் நிக்கோபாரிய மொழி, ஜார்ஜ் ஒயிட்ஹெட் என்னும் மிஷனரியாலும் ரிச்சர்ட்சனாலும் ரோமன் எழுத்தில் நிலைபெற்றது. வேதாகம மொழிபெயர்ப்பு ரிச்சர்ட்சனின் பல்லாண்டு உழைப்பாக வளர்ந்தது. 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானிய ஆட்சியில் மக்கள் விமானத்தளம் அமைக்கக் கட்டாய வேலைக்கு இழுக்கப்பட்டனர். இறுதி மாதங்களில் ஒற்றர் என்று பழி சுமத்தப்பட்டுப் பலர் சித்திரவதைக்கு உள்ளாகிக் கொல்லப்பட்டனர். ரிச்சர்ட்சனின் மகனும் கொல்லப்பட்டோருள் ஒருவர். ரிச்சர்ட்சனும் சிறைப்பட்டு மயிரிழையில் தப்பினார். போருக்கு முன் சிறுபான்மையாக இருந்த கிறிஸ்தவர், போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் தீவின் பெரும்பான்மையினர் ஆயினர். பள்ளியும் மருந்தும் நெடுங்காலம் செய்யாததை, ஊரோடு சேர்ந்து துன்பப்பட்ட ஒருவர் மீது ஏற்பட்ட நம்பிக்கை செய்தது என்று கொள்வது பொருந்தும். அவர் 1950இல் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார், 1952இல் முதல் மக்களவைக்கு அந்தமான் நிக்கோபாரின் உறுப்பினராகக் குடியரசுத் தலைவரால் நியமிக்கப்பட்டார், 1978இல் மறைந்தார்.

இழப்பு இல்லாமல் இம்மாற்றம் வந்ததென்று சொல்ல முடியாது. ஆவிகளோடு பேசி நோய் நீக்கிய மருத்துவர்களின் அறிவு பெரும்பாலும் மங்கிவிட்டது. சூனியக்காரர் என்று குற்றம் சாட்டி ஆள்களைக் கொல்லும் வழக்கமும் மறைந்தது. முன்னதற்காக வருந்துவோர் பின்னதற்காக நிம்மதி கொள்ளவும் வேண்டும். ஆனால் துஹெட் மறையவில்லை. முன்னோரை நினைத்துப் பன்றி அறுத்து ஊருக்கு விருந்திடும் வழக்கமும், ஓடப் பந்தயங்களும், கிராமத் தலைவரைக் ‘கேப்டன்’ என்று அழைக்கும் மரபும் ஆலயத்தின் அருகிலேயே தொடர்ந்தன. கிறிஸ்து பிறப்புத் திருநாளில் கூடி உண்பதும் பாடுவதும் துஹெட்டுகளின் உழைப்பிலும் கொடையிலும் நடப்பவை. தனிமனிதரின் மனமாற்றத்தையே இலக்காகக் கொண்டு வந்த ஒரு சமயம், கூட்டுக்குடும்பத்தின் வழியாகவே இங்கு வேர்கொண்டது. அதை ஊழியத்தின் தோல்வியாகக் கருதும் இறையியலார் இருக்கலாம்; அதையே வெற்றியாகக் கருத இக்கட்டுரை துணிகிறது.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கார் நிக்கோபாரின் கரையோரக் கிராமங்களை அழித்தபோது, ஒப்படைத்தல் என்னும் கேள்வி வேறு உருவில் திரும்ப வந்தது. அரசும் தொண்டு நிறுவனங்களும் மெய்யான இரக்கத்தோடு வந்தன. ஆனால் உதவி கணக்கிடப்பட்ட அலகு கணவன், மனைவி, பிள்ளைகள் கொண்ட தனிக்குடும்பம். இழப்பீடு அதன் தலைவர் பெயரில் பணமாக வந்தது. தலைமுறைகளாக எல்லாவற்றையும் பொதுவில் வைத்து மூத்தோர் சொற்படி பகிர்ந்துகொண்ட துஹெட்டுகளுக்குள், யாருக்கு எவ்வளவு என்னும் பேச்சு முன்னொருபோதும் இல்லாத வகையில் நுழைந்தது. சமயம் மாறியபோது பிளவுபடாத வீடு, நிவாரணம் வந்தபோது பிளவுபடத் தொடங்கிற்று. சாலமோனுக்கு நாட்குறிப்பு எழுதவும் ஒரு துஹெட்டுக்குள் யார் யாருக்கு என்ன கடமைப்பட்டவர் என்று அறியவும் பல ஆண்டுகள் கிடைத்தன. நிவாரண அலுவலருக்கு அந்த அவகாசம் இல்லை, அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஏற்பாடும் இல்லை. தகரக் கொட்டகைகள் எழுந்துகொண்டிருந்த அந்த நாட்களில் நிக்கோபாரியர் கேட்டது வேறு: கருவிகளைக் கொடுங்கள், எங்கள் வீடுகளை நாங்களே கட்டிக்கொள்கிறோம்.