மேகத்துக்குக் கீழே என்ன?

கம்போங் ராஜாவில் மேகத்துக்குள்ளேயே வாழ்கிறோம். அதற்குப் பனி என்று பேர் வைத்து, ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவோம். கடலைப் படிக்கும் செயற்கைக்கோளுக்கோ மேகம் என்றால் குருட்டுத்தனம்.

ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம், மீன் கிடைக்கக்கூடிய இடங்களைத் தமிழக மீனவர்களுக்கும் அறிவிக்கிறது. செயற்கைக்கோள் கடல்மேற்பரப்பின் வெப்பத்தையும் நிறத்தையும் அளக்கிறது. குளிர்ந்த நீரும் வெதுவெதுப்பான நீரும் சந்திக்கும் எல்லையில் நுண்ணுயிர்கள் சேரும், அவற்றைத் தேடி மீனும் வரலாம். அந்த எல்லையைக் கணினியே கண்டுபிடிக்க முடியும். காயுலாவும் கார்னிலனும் 1992இல் வெளியிட்ட முறை எளிமையானது: படத்தில் ஒரு சிறு சதுரத்தை எடு, அதிலுள்ள வெப்பநிலைகள் இரண்டு கூட்டமாகப் பிரிகின்றனவா என்று பார்.

ஆனால் அகச்சிவப்புக் கதிர் மேகத்தை ஊடுருவாது. அதனால் மேகம் மூடிய புள்ளிகளை முதலிலேயே நீக்கிவிடுகிறார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. மேகத்தின் ஓரமும் திடீர்க் குளிர்ச்சியாகத்தான் தெரியும். ஆகவே கூர்மையான கடல் எல்லையையே சில சமயம் மேகம் என்று கணினி தள்ளிவிடும். எதைத் தேடுகிறோமோ அதுவே பிழை மாதிரி இருக்கிறது.

நீக்கிய இடங்களைக் கணிதத்தால் நிரப்பவும் வழி இருக்கிறது. பக்கத்துப் புள்ளிகளையும் முந்தைய நாட்களையும் வைத்து ஊகிப்பதுதான். ஓட்டை இல்லாத, அழகான வரைபடம் கிடைக்கும். என் கேள்வி இங்கேதான் தொடங்குகிறது. பார்த்ததும் ஊகித்ததும் ஒரே நிறத்தில் இருந்தால், அது பொய்யா?

ஊகம் தப்பில்லை. நீரின் நிறத்தையும் பறவைகளையும் பார்த்து வலை வீசுகிறவரும் ஊகிக்கத்தான் செய்கிறார். ஆனா அவருக்கு அது ஊகம்னு தெரியும். தவறினால் டீசல் செலவும் வெறும் வலையும் அவருக்கே. வரைபடத்தில் ஊகிப்பவர் ஒருவர், நஷ்டப்படுபவர் இன்னொருவர். நடுவில் அந்த ஒரே நிறம். தன் ஊகத்துக்கு விலை கொடுக்கப்போகிறவரிடம் அது ஊகம் என்பதை மறைப்பது, கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும், ஏமாற்றுதான் என்று நினைக்கிறேன்.

மேகம் மூடிய நாட்களில் சில கடற்பகுதிகளுக்கு மீன் அறிவிப்பு வராமல் போவதுண்டு. அதைத் தொழில்நுட்பத்தின் தோல்வி என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தெரியலன்னா தெரியலன்னு சொல்ற ஒரு கருவியை, தெரிஞ்சதாச் சொல்லும்போதும் நம்பலாம்.