அன்றிரவு எது தேவை?

நள்ளிரவில் மார்பு வலி. நோயாளி ஐம்பதைக் கடந்த சர்க்கரைக்காரர். ஈ.சி.ஜி. தெளிவாக இல்லை. இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் அளவை ரத்தத்தில் சில மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்று டாக்டர் அட்மிட் செய்கிறார். இரண்டாம் நாள், மாரடைப்பு இல்லை, அசிடிட்டிதான் என்று தெரிகிறது. பிறகு காப்பீட்டு நிறுவனத்தின் கடிதம் வருகிறது: பரிசோதனைக்காக மட்டுமே சேர்க்கப்பட்டார், மருத்துவத் தேவை இல்லை, க்ளெய்ம் நிராகரிக்கப்படுகிறது.

கேள்வி கேட்பதே அநியாயம் என்று சொல்ல முடியாது. ப்ரீமியம் பலர் சேர்த்து வைத்த பணம். பாலிசி இருக்கிறதென்று தெரிந்ததும் டெஸ்டுகள் பெருகும் மருத்துவமனைகளும் உண்டு. மருத்துவத் தேவைக்குக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த வரையறையிலும் குறையில்லை: சிகிச்சை நோய்க்கு வேண்டியதாக இருக்க வேண்டும், அளவு மீறக்கூடாது, மருத்துவர் பரிந்துரைத்திருக்க வேண்டும், மருத்துவ உலகம் ஏற்ற நெறிக்கு ஒத்துப்போக வேண்டும்.

ஆனால் அந்த வரையறையை எந்த நேரத்தில் நின்று பொருத்துவது? டிஸ்சார்ஜ் சம்மரியைப் படிப்பவருக்கு முடிவு தெரியும். டாக்டருக்கு அன்றிரவு தெரியாது. ஆபத்து இல்லை என்று உறுதியானதே அந்த இரண்டு நாள் சிகிச்சையின் பலன். அந்தப் பலனையே காட்டிச் சிகிச்சை வேண்டியதில்லை என்பது நேர்மையான வாதமல்ல. மருத்துவமனை உண்மையிலேயே அளவு மீறியிருந்தாலும், டாக்டர் சொல்லைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும் என்று எந்த நோயாளியிடம் எதிர்பார்ப்பது? வழக்கு இரண்டு நிறுவனங்களுக்கு இடையே. பில் மட்டும் மூன்றாமவர் தலையில்.

மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறது. நிராகரிப்புக்கு நிறுவனத்தின் மறுஆய்வுக் குழுவினுடைய ஒப்புதல் வேண்டும், பாலிசியின் எந்த விதிப்படி என்றும் சொல்ல வேண்டும் என்கிறது ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 2024 சுற்றறிக்கை. முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லாவிட்டாலோ, பதில் நிறைவாக இல்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னையில். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். அங்கே வரும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். புகார்தாரருக்கு உடன்பாடில்லை என்றால் நுகர்வோர் நீதிமன்றம் இருக்கிறது.

இத்தனை இருந்தும், எழுதத் தெரிந்தவரும் அலையத் தெம்புள்ளவரும்தான் அதன் பயனைப் பெறுகிறார்கள். நோயிலிருந்து எழுந்தவரிடம் அந்தத் தெம்பு எப்படி இருக்கும்? பலர் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு நகையை அடகு வைக்கிறார்கள். அந்த மௌனத்தை எதிர்பார்த்து மறுக்கும் நிறுவனம், விதியை அச்சுப் பிசகாமல் எடுத்துக்காட்டினாலும் தவறே செய்கிறது.

இதில் டாக்டருக்கும் ஒரு கடமை உண்டு. கேஸ் ஷீட்டின் நகலோடு, அன்றிரவு எதை அஞ்சினார், ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் எப்படி இருந்தன, ஏன் வீட்டுக்கு அனுப்பத் துணியவில்லை என்று அவர் எழுதித் தரும் ஒரு பக்கம்தான் மேல்முறையீட்டின் உயிர். அதற்காக நோயாளியின் மகன் மூன்று முறை ஓ.பி. வாசலில் காத்துக் கிடக்கக்கூடாது.