மிலிட்டரிக்காரர் வீட்டுக் காடு

2024 சுதந்திர தினத்தன்று கோட்டைக் கொத்தளத்தில் கொடியேற்றிய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், 'முதல்வரின் காக்கும் கரங்கள்' என்ற திட்டத்தை அறிவித்தார். முன்னாள் படைவீரர்கள் சுயதொழில் தொடங்க ஒரு கோடி ரூபாய் வரை வங்கிக் கடன், அதில் 30 சதவீதம் மூலதன மானியம், வட்டியில் 3 சதவீதம் மானியம். படைப்பணியில் உயிர்விட்டவர்களின் மனைவியருக்கும் இது உண்டு. டில்லியிலும் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் மறுவாழ்வுத் தலைமை இயக்ககம் நெடுங்காலமாக இருக்கிறது. ஓய்வுபெறும் தறுவாயில் இருப்பவர்களுக்குத் தொழிற்பயிற்சி தருவது அதன் வேலைகளில் ஒன்று. அக்கறை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

ஆனால் பெரம்பலூர் மாவட்டம் பாடாலூர்ப் பக்கம் ஊர் திரும்பும் படைவீரர் ஒருவருக்கு என்ன நடக்கிறது? சிப்பாயாகச் சேர்ந்தவர் நாற்பது வயதை ஒட்டி வீட்டுக்கு வந்துவிடுகிறார். உடம்பில் தெம்பு இருக்கிறது, பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள், கையில் பணிக்கொடை இருக்கிறது. ஒன்று, நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியிலோ ஏடிஎம் வாசலிலோ மறுபடி சீருடை போட வேண்டும். இல்லையென்றால் அப்பா விட்டுப்போன மானாவாரிக் காட்டில் இறங்க வேண்டும். பலரும் மனதுக்குள் இரண்டாவதைத்தான் விரும்புகிறார்கள். பணிக்கொடையில் முதலில் வீடு எழும்புகிறது, மிச்சம் ஆழ்துளைக் கிணற்றுக்குள் போகிறது. தண்ணீர் வந்தால் விவசாயி, வராவிட்டால் சுங்கச்சாவடி.

இந்த மண்ணில் விவசாயம் என்பது பயிற்சிக் கையேட்டைப் படித்துக்கொண்டு இறங்கும் வேலை அல்ல. பெரம்பலூர் மாவட்டத்தின் பேர் சொல்லும் பயிர்கள் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். வெங்காயத்தையே எடுத்துக்கொள்வோம். விதைக்காய் ஊன்றி அறுபத்தைந்து, எழுபது நாளில் பிடுங்கிவிடலாம். அதற்குள் தாள் திருகிக் கோழிக்கால் நோய் வந்துவிட்டால், எந்தப் பாத்தியில் தொடங்கியது என்று கண்டுபிடிக்க ஒரு கண் வேண்டும். பிடுங்கியதை அன்றைய விலைக்குத் தள்ளிவிட மனம் வராமல், வயலோரத்திலேயே தரையைவிட்டு உயர்த்தி, காற்றோடும்படி பட்டறை போட்டு வைக்கிறார்கள். எத்தனை நாள் வைக்கலாம், எப்போது பிரித்துப் பார்க்க வேண்டும், உள்ளே அழுகத் தொடங்கியதை வாடையிலேயே எப்படி அறிவது என்பதெல்லாம் வருடக்கணக்கில் கூடவே இருந்தவருக்குத்தான் தெரியும். அந்த வருடங்களில் இவர் எல்லையில் நின்றார்.

அப்போது காட்டில் நின்றது அவர் மனைவி. லீவில் வந்த ஒன்றிரண்டு மாதங்கள் தவிர, ஆள் பிடித்ததும், உரக்கடையில் பாக்கி சொன்னதும், ராத்திரி மோட்டார் போட எழுந்து போனதும் அவர்தான். 2018இல் படைப்புழு மக்காச்சோளத்தைக் குருத்தோடு தின்றபோது செடி செடியாகக் குனிந்து குருத்தில் மணல் போட்டவர்களில் இப்படிப்பட்ட பெண்களும் உண்டு. கணவர் திரும்பி வந்து, "இந்த வருசம் என்ன போடலாம்?" என்று கேட்டால், "மழையப் பாத்துட்டுச் சொல்றேங்க" என்று பதில் சொல்லக்கூடியவர் அவர். ஆனால் மறுவாழ்வு என்ற பேச்சில் அவர் வருவதே இல்லை. அழைப்பும் அடையாள அட்டையும் கணவருக்கு, அனுபவம் மனைவிக்கு என்று பிரிந்து கிடக்கிறது.

மத்திய அரசின் பிஎம் கிசான் திட்டத்தைப் பாருங்கள். விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. 2019இல் தொடங்கியபோதே விதி எழுதிவிட்டார்கள்: மாதம் 10,000 ரூபாயும் அதற்கு மேலும் ஓய்வூதியம் வாங்குபவர், கடைநிலை ஊழியராக இருந்தவர் தவிர, இதில் சேர முடியாது. கணவன், மனைவி, மைனர் பிள்ளைகள் எல்லோரும் ஒரே குடும்பம். ஒருவர் விலக்கப்பட்டால் குடும்பமே விலக்கப்படும். ஓய்வூதியம் உள்ளவருக்கு உதவித்தொகை எதற்கு என்ற கேள்வி நியாயமானதுதான். அந்த ஆறாயிரத்துக்காக நான் வாதாட வரவில்லை. என் மனதை உறுத்துவது வேறு. மனைவி பெயரில் பட்டா இருந்தாலும், அவரே உழுது விதைத்தாலும், கணவர் வாங்கும் ஓய்வூதியத்தால் அந்தப் பட்டியலில் அவர் பெயர் வராது. படைவீரரே, வேறு தொழிலுக்கு வாருங்கள் என்று டில்லியில் ஒரு துறை கூப்பிடுகிறது. வந்தவரின் வீட்டில் ஏற்கெனவே விவசாயம் பார்த்தவரை இன்னொரு துறை கணக்கிலேயே எடுப்பதில்லை. இரண்டும் ஒரே அரசாங்கம்.

பழைய நாட்களில் படைவீரர் மறுவாழ்வைக் கொஞ்சம் ஆழமாக யோசித்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய வீரர்களை அன்றைய சென்னை மாகாண அரசு வயநாட்டில் குடியேற்றியது. நிலத்தைக் கொடுத்து அனுப்பிவிடாமல், அவர்களுக்குப் பயன்படட்டும் என்று 1946இல் அம்பலவயலில் ஓர் ஆராய்ச்சி நிலையமும் அமைத்தது. இன்று அது கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. அந்த மண்ணில் ஏற்கெனவே பழங்குடிகள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். ஒருவருக்குக் கொடுத்த மறுவாழ்வு இன்னொருவரின் வாழ்விடத்தில் நடந்தது. அந்தத் தவறை விட்டுவிட்டு, பயிரைக் கற்றுத்தர பக்கத்திலேயே ஆள் வேண்டும் என்று உணர்ந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

அதற்குப் புதிய கட்டடம்கூட வேண்டாம். வாலிகண்டபுரத்தில் ரோவர் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. அரியலூர் மாவட்டம் சோழமாதேவியில் கிரீடு வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. விதைக்காய் ஊன்றுவதில் தொடங்கிப் பட்டறை பிரித்து மண்டியில் போடுவது வரை ஒரு முழுப் பட்டமும் கூட இருந்து கற்கும்படி அங்கே ஒரு பயிற்சி வைக்கலாம். சான்றிதழுக்காக நடக்கும் சில நாள் வகுப்பு இதற்குப் போதாது. கணவனும் மனைவியும் சேர்ந்தே வர வேண்டும். சில பாடங்களை மனைவியே எடுக்கலாம். கடன் விண்ணப்பம் அதற்குப் பிறகு இருக்கட்டும். அப்பா பெயரில் கிடக்கும் கூட்டுப் பட்டாவைப் பிரித்து மாற்றுவதற்கு, கடைசி லீவில் வரும்போதே வட்டாட்சியர் அலுவலகம் ஒரு நாளை ஒதுக்கித் தந்தால், பின்னால் வீணாகும் எத்தனையோ மாதங்கள் மிச்சமாகும்.

இதில் அவசரமும் இருக்கிறது. 2022இல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின் முதல் அணி நான்கு ஆண்டுப் பணியை 2026 இறுதியை ஒட்டி முடிக்கிறது. நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுபவர்கள் அதிகபட்சம் 25 சதவீதம்தான். மற்றவர்கள் ஏறக்குறைய 11.71 லட்சம் ரூபாயோடு, ஓய்வூதியம் இல்லாமல், இருபதுகளின் நடுவில் வீடு திரும்புவார்கள். அந்தப் பணம் ஒரே வாரத்தில் ஆழ்துளைக் கிணற்றுக்குள் போவதற்கு முன்னால், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகமும் வேளாண்மைத் துறையும் அவர்கள் வீட்டுக்கே போய் உட்கார்ந்து பேச வேண்டும். அம்மாவையும் கூட உட்காரவைத்துக்கொண்டு.