அலங்காரமும் பிரயோஜனமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சட்டம், 1842-ஆம் ஆண்டு தொட்டு, ஒரு பொருள் செய்யும் தொழிலுக்கு ஒருவகை உரிமையும், அப்பொருளின் தோற்றத்துக்கு வேறொருவகை உரிமையும் வழங்கி வருகிறது. உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் இயலும் மேஜை ஒன்றை ஒருவர் நிர்மாணித்தால், அது உயர்ந்து தாழும் உபாயத்துக்குத் தனியாகவும், அதன் அலங்கார வடிவமைப்புக்குத் தனியாகவும் அவர் காப்புரிமை கோரலாம். பின்னதற்கு நீண்ட விவரணம் வேண்டியதில்லை, சித்திரங்களே பிரமாணம். எனினும் உபயோகத்தின் நிர்ப்பந்தம் ஒன்றினாலேயே பிறந்த உருவம் அது என்று ருசுவானால் உரிமை நில்லாது. நியாயஸ்தலத்துக்கு இத்தகைய பாகுபாடு அவசியம் என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஒரு வஸ்துவின் சௌந்தரியத்தை அதன் பிரயோஜனத்தினின்று மெய்யாகவே பிரித்தெடுக்க முடியுமா என்பது தத்துவ விசாரத்துக்கு உரிய வினா. குணமும் அதனையுடைய திரவியமும் வேறுவேறே ஆயினும் சமவாயம் என்னும் நீங்காத சம்பந்தத்தால் கூடியிருப்பன என்றனர் வைசேஷிகர். சைவ சித்தாந்திகளோ அச்சம்பந்தத்தைத் தாதான்மியம், அதாவது இரண்டும் ஒன்றேயாய் நிற்கும் இயல்பு, என்றே கொண்டனர்.

அயர்லாந்தில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த ஐலீன் கிரே என்னும் அம்மையார், தென் பிரான்சின் கடற்கரையில் தாம் எழுப்பிய இல்லத்துக்காக 1927-ஆம் ஆண்டையொட்டி அமைத்த சிறு மேஜையை இவ்விடத்தில் நினைக்கிறேன். படுக்கையில் அமர்ந்தபடியே காலைச் சிற்றுண்டி அருந்த விரும்பிய தம் சகோதரியை எண்ணி அதை அவர் ஆக்கினார் என்பர். எஃகுக் குழாய்ச் சட்டமும் வட்டமான கண்ணாடிப் பலகையுமே அதன் உடல். கட்டிலின் அடியில் நுழைய வேண்டியிருப்பதால் அடிவளையம் முற்றும் மூடாமல் ஒருபுறம் திறந்திருக்கிறது. பலகை மடியருகே வர வேண்டியிருப்பதால் தாங்குகால் நடுவிடத்தை விட்டு ஓரமாக ஒதுங்கி நிற்கிறது. சங்கிலியில் தொங்கும் ஆணியொன்றைத் துளையில் செருகினால் வேண்டிய உயரத்தில் பலகை நிலைக்கிறது. அவ்வளைவையும் ஒதுக்கத்தையும் சங்கிலியையும் நீக்கிவிட்டால் மேஜை பயனற்றுப் போகும். கண்ணை ஈர்ப்பனவும் அவையே.

இத்தகைய மேஜையைக் குறித்து மற்றொரு வினாவும் எழுகிறது: தாழ்ந்த நிலை, உயர்ந்த நிலை என்னும் இரண்டனுள் எதனை அதன் ஸ்வரூபம் என்பது? ஒரே சித்திரத்தில் அடங்காததை இரண்டு மூன்று நிலைகளில் வரைந்து காட்டலாம். ஆனால் அந்நிலைகள் அனைத்தையும் தன்னுள் கொள்ளும் ஆற்றலையே அதன் உருவம் என்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

வியன்னாவின் கட்டடக் கலைஞர் அடால்ஃப் லோஸ், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அலங்காரத்தைக் குற்றம் என்றே சாடினார். கொழும்பில் தமிழ்த் தந்தைக்குப் பிறந்து, பாஸ்டன் நகரக் கலைக்கூடத்தில் நெடுங்காலம் பணிபுரிந்த ஆனந்த குமாரசுவாமி, 1939-இல் எழுதிய கட்டுரையில் இதற்கு நேர் எதிரான கொள்கையை நிறுவினார்: பண்டைச் சமுதாயங்களில் அலங்காரம் என்பது மேற்பூச்சு அன்று, ஒரு பொருள் தன் காரியத்தை நிறைவேற்ற வேண்டிய சாதனமே ஆகும், தெய்வத் திருமேனியின் ஆபரணங்களும் ஆயுதங்களும் அவ்வாறே. இக்கொள்கையின் பக்கமே என் மனம் சாய்கிறது. இயந்திரம் நூறு கால்களில் ஒரேவிதமாகக் கடைந்து தள்ளும் பூவேலையின்மேல் லோஸ் கொண்ட சினம் நியாயமானதே. ஆனால் அச்சினம், மிகையோடு சேர்த்துத் தகுதியையும் தள்ளிவிட்டது. ஐலீன் கிரேயின் மேஜையில் கொத்துவேலை சிறிதும் இல்லை. எனினும் அதை அலங்காரமற்றது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.