கைலூலா: யாருடைய நேரத்தில்?



"பகலில் சிறிது தூங்குவது சுன்னத் என்று பயானில் சொல்கிறீர்களே, ஹஜ்ரத்! தோட்டத்தில் வேலை நேரத்தில் தூங்கினால் அதற்கும் நன்மை உண்டா?" என்று ஏற்காட்டிலிருந்து ஒரு சகோதரர் கேட்டிருக்கிறார். காப்பித் தோட்டத்தில் தினக்கூலிக்கு வேலை பார்ப்பவர். கேள்வியில் சிறிது குறும்பு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஹலாலான சோறு வயிற்றில் விழுகிறதா இல்லையா என்பதே இதில் அடங்கியிருப்பதால், கொஞ்சம் விரிவாகவே பேசுவோம்.

நண்பகலில் ஓய்வெடுப்பதற்கு அரபியில் 'கைலூலா' என்று பெயர். தூக்கம் வராமல் வெறுமனே தலைசாய்த்தாலும் அது கைலூலாதான் என்று மொழி வல்லுநர்கள் எழுதியிருக்கிறார்கள். திருக்குர்ஆனிலேயே இதற்கு ஆதாரம் இருக்கிறது. இரவுத் தூக்கத்தோடு பகல் தூக்கத்தையும் சேர்த்துத் தன் அத்தாட்சிகளில் ஒன்றாக அல்லாஹுத்தஆலா சூரத்துர் ரூமில் எண்ணிக் காட்டுகிறான். சூரத்துந் நூரில் 58ஆவது வசனத்தைப் பாருங்கள். ஸுபுஹுக்கு முன், இஷாவுக்குப் பின், உடைகளைக் களைந்து வைக்கும் நண்பகல் ஆகிய மூன்று நேரங்களில் வீட்டுப் பிள்ளைகளும் பணியாட்களும்கூட அனுமதி கேட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்று அதில் சட்டம் இறங்கியிருக்கிறது. ஒருவருடைய நண்பகல் ஓய்வுக்கு மார்க்கம் எவ்வளவு மரியாதை கொடுத்திருக்கிறது!

ஸஹாபாப் பெருமக்களிடம் இது அன்றாட வழக்கமாக இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்குப் பிறகுதான் தாங்கள் பகல் உணவும் கைலூலாவும் வைத்துக்கொண்டதாக ஸஹ்லு இப்னு ஸஃது (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. அலீ (ரலி) அவர்களுக்கு 'அபூதுராப்', அதாவது மண்ணின் தந்தை, என்ற செல்லப் பெயர் கிடைத்ததும் ஒரு பகல் தூக்கத்தால்தான். வீட்டில் சிறு மனத்தாங்கல். இங்கே கைலூலா செய்யாமல் கிளம்பிப் போய்விட்டார் என்று பாத்திமா (ரலி) அவர்கள் தம் தந்தையிடம் சொன்னார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் தேடிச் சென்றபோது, மேலாடை நழுவி உடம்பெல்லாம் மண் ஒட்ட மருமகனார் பள்ளிவாசலில் படுத்திருந்தார்கள். மண்ணைத் தட்டிவிட்டு அந்தப் பெயரைச் சொல்லித்தான் எழுப்பினார்கள்.

சிலர் ஒரு வாதம் சொல்வார்கள். அரபு நாடு பாலைவனம், வெயிலுக்காகப் படுத்தார்கள். சேர்வராயன் மலையோ கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 5000 அடி, நடுப்பகலிலும் பனிமூட்டம், இங்கே எதற்குக் கைலூலா என்று. வெயில் ஒரு காரணம், சரி. ஆனால் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் சொல்லும் காரணம் வேறு. பகல் நோன்புக்கு ஸஹர் உணவு எப்படித் துணையோ, அப்படி இரவு வணக்கத்துக்குக் கைலூலா துணை என்கிறார்கள். தஹஜ்ஜுதுக்கு எழுபவருக்கு மலை என்ன, சமவெளி என்ன?

அதே இடத்தில் இமாமவர்கள் இன்னொரு கணக்கும் போட்டிருக்கிறார்கள். இரவும் பகலும் சேர்ந்து 24 மணி நேரம். அதில் மொத்தம் 8 மணி நேரத் தூக்கம் நடுநிலை. அதை இரவிலேயே முடித்துவிட்டவருக்குப் பகலில் தூங்க ஒரு காரணமும் இல்லை. இரவு பத்து மணிக்குப் போர்த்திக்கொண்டு, ஸுபுஹும் கழாவாகி, ஏழு மணிக்கு எழுந்தவர் நண்பகலில் சுன்னத்தைத் தேடுவது எந்த வகையில் சேரும் என்பதை அவரவரே பார்த்துக்கொள்ளட்டும்.

இனி கேள்விக்கு வருவோம். கூலிக்கு அமர்பவரை ஃபிக்ஹு நூல்கள் இரண்டாகப் பிரிக்கின்றன. நேரத்தை விற்றவர் 'அஜீர் காஸ்'. வேலையை விற்றவர் 'அஜீர் முஷ்தரக்'. காலை முதல் மாலை வரை இன்ன கூலி என்று பேசிக்கொண்டவர் முதல் வகை. அந்த நேரம் முழுவதும் எஜமானின் சொத்து. பர்ளான தொழுகைக்கு அவர் போகலாம். ஆனால் எஜமானின் அனுமதியில்லாமல் நஃபில் தொழுவதைக்கூட நம் ஹனஃபி நூல்கள் அவருக்கு அனுமதிக்கவில்லை. சிந்தித்துப் பாருங்கள்! நின்று தொழும் நஃபிலுக்கே அந்த நேரத்தில் இடமில்லை என்றால், சில்வர் ஓக் மரத்தடியில் துண்டை விரித்துப் படுப்பதற்கு எப்படி இடம் வரும்? அளவில் மோசடி செய்வோரைச் சூரத்துல் முதஃப்ஃபிஃபீன் கண்டிக்கிறது. கூலியை முழுதாக வாங்கிக்கொண்டு வேலையைக் குறைப்பவரும் அதில் அடக்கம் என்று முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) போன்ற விரிவுரையாளர்கள் விளக்கியிருக்கிறார்கள். படியில் குறைப்பதும் பொழுதில் குறைப்பதும் ஒன்றுதான்.

கிலோவுக்கு இவ்வளவு என்று காப்பிப் பழம் பறிக்கப் பேசியிருந்தால் சட்டம் மாறும். அங்கே விற்றது வேலையை. ஒரு மணி நேரம் படுத்து எழுந்தால் கூடையில் பழம் குறையும், கூலியும் குறையும். எஜமானுக்கு நஷ்டமில்லை, இவர்மீது குற்றமுமில்லை.

தினக்கூலிக்காரருக்குக் கைலூலாவே கிடையாதா என்றால், உண்டு. சாப்பாட்டு இடைவேளை அவருடைய சொந்த நேரம். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 5 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக்கூடாது, இடையில் குறைந்தது அரை மணி ஓய்வு கொடுக்க வேண்டும் என்று வகுத்தது. அந்தச் சட்டத்தின் இடத்துக்கு இப்போது புதிய தொகுப்புச் சட்டம் வந்துவிட்டாலும், எழுபது ஆண்டுகளுக்கு மேல் மலைத் தோட்டங்கள் நடந்தது இந்தக் கணக்கில்தான். அந்த அரை மணியை மேஸ்திரி அதட்டிப் பிடுங்குவதும் திருட்டே. சக்திக்கு மீறிய வேலையைப் பணியாளர் மீது சுமத்தாதீர்கள், சுமத்தினால் நீங்களும் கைகொடுங்கள் என்பது நபிமொழியின் கருத்து. பங்களாவில் மூன்று மணிவரை படுத்திருக்கும் முதலாளி, சரிவில் குனிந்து களை வெட்டும் பெண்ணின் அரை மணியைக் குறைத்தால், ஹஷ்ரில் அவரிடமும் கேள்வி உண்டு. அந்தப் பெண்களுக்குப் பல வீடுகளில் கைலூலாவே வாய்ப்பதில்லை. வேலைவிட்டு வந்து புருஷன் படுப்பான், அவள் அடுப்பை மூட்டுவாள். சுன்னத் ஆண்களுக்கு மட்டும் வந்ததா என்ன?

அரை மணி போதுமா என்று கேட்கலாம். போதும். அமெரிக்காவின் நாஸா நிறுவனம் நீண்டதூர விமானிகளை வைத்து ஆராய்ந்து 1994இல் வெளியிட்ட அறிக்கையில், 40 நிமிட ஓய்வு கொடுக்கப்பட்டவர்கள் சராசரியாக 26 நிமிடம் தூங்கினார்கள். தூங்காதவர்களைவிட அவர்களிடம் விழிப்பு மிகுந்திருந்தது என்று இருக்கிறது. விஞ்ஞானம் சொல்லித்தான் நாம் சுன்னத்தை எடுக்க வேண்டுமென்பதில்லை; ஒரு செய்தியாகச் சொல்கிறேன்.

வாகனம் ஓட்டுவோர் நிலை தனி. ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்க 20 கொண்டை ஊசி வளைவுகள். தொழுகையில் கண் சொக்கினால், தூக்கம் தெளியும்வரை படுத்துக்கொள்ளும்படி நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். தொழுகைக்கே அப்படியென்றால், பின்னால் நாற்பது பேர் அமர்ந்திருக்கும் பஸ்ஸை என்ன சொல்வது! கண் சொக்கும் டிரைவர் ஓரமாக நிறுத்திக் கால் மணி தூங்குவது முதலாளியின் நேரத்தைத் திருடியதாகாது. அவரிடம் ஒப்படைக்கப்பட்ட வேலையே அந்த உயிர்களைப் பத்திரமாக இறக்குவதுதான். தூங்காமல் ஓட்டு என்று விரட்டும் வண்டிக்காரருக்குக் கட்டுப்படுவதும் கூடாது.

லுஹரைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பகுதியில் நவம்பர் தொடக்கத்தில் 12 மணி கடந்ததுமே லுஹர் வந்துவிடும். பிப்ரவரியில் 12:30ஐத் தாண்டும். பழம் பறிக்கும் நவம்பரில் இடைவேளை தொடங்கும்போதே வக்து ஆகியிருக்கும் என்பதால், தொழுதுவிட்டுப் படுப்பதே பேணுதல். படுத்துத் தூங்கினால் உளூ முறியும் என்பதும் நினைவிருக்கட்டும்.

கடைசியாக, இத்தனை வருடம் வேலை நேரத்தில் படுத்தாகிவிட்டதே, அதற்கு என்ன செய்வது என்று சிலர் நெஞ்சு பதைப்பார்கள். இது ஹக்குல் இபாத். தவ்பா மட்டும் போதாது. அந்தத் தோட்டத்தில் எல்லோரும் சற்றுக் கண்ணயர்வதை முதலாளி அறிந்து, ஆட்சேபிக்காமல் இருந்திருந்தால் கவலையில்லை. வழக்கில் அறியப்பட்டது நிபந்தனையாகப் பேசியதைப் போன்றது. மேஸ்திரி மட்டும் கண்ணை மூடிக்கொண்டிருந்தால் அது அனுமதியாகாது. தமக்குச் சொந்தமில்லாத நேரத்தை அவர் எப்படிக் கொடுப்பார்? முதலாளியிடமே நேரில் போய், மன்னித்து ஹலாலாக்கும்படி கேட்க வேண்டும். முஸ்லிமல்லாத முதலாளியாயினும் இதே சட்டம்தான். அவர் இறந்திருந்தால் வாரிசுகளிடம் கேட்க வேண்டும். சொல்லக் கூச்சமாக இருந்தால், கூலி கேட்காமல் அத்தனை மணி நேரம் கூடுதலாக உழைத்துக் கொடுத்தாலும் கடன் தீரும்.