ஒப்படைத்த பணம் யாருடையது?

வாணிபத்தில் ஈடுபட்டுள்ள நம்மவர் ஒவ்வொருவரும் ஒரு நாளாவது தம் நெஞ்சைக் கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. ஒருவர் ஒரு காரியத்திற்கென்று குறித்து நம்மிடம் ஒப்படைத்த பணத்தை, "பிறகு வைத்து விடலாம்" என்ற உறுதியான எண்ணத்துடன் வேறொரு காரியத்திற்கு எடுத்துச் செலவிட்டால், அது களவாகுமா? "எடுத்தவன்தான் திருப்பி வைக்கப் போகிறானே, இதில் களவு எங்கே வந்தது?" என்று பலர் கூறுவர். அப்படிக் கூறுகிறவர்கள் தீயவர்கள் அல்லர். பணத்தை உருட்டிப் பிழைப்பது நமது தொழில். ஆதலால் இந்தப் பதில் நமக்கு எளிதில் இனிக்கிறது. இனிப்பதெல்லாம் மெய்யாகிவிடாதாகையால் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் கட்டடக் காண்டிராக்டர்கள் மீது எடுக்கப்படும் நடவடிக்கைகளை உதாரணமாகக் கொள்வோம். அங்கே காண்டிராக்டர் லைசென்ஸ் வாரியம் 1929ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. லைசென்ஸ் பெறுகிறவர் ஜாமீன் பத்திரம் வைக்க வேண்டும். அந்தத் தொகை 2023 ஜனவரி முதல் 25,000 அமெரிக்க வெள்ளி. வீடு பழுது பார்க்கும் வேலைக்கு முன்பணமாக 1,000 வெள்ளி, அல்லது ஒப்பந்தத் தொகையில் 10 சதவிகிதம், இவ்விரண்டில் எது குறைவோ அதற்கு மேல் வாங்கலாகாது என்பது பொது விதி. பிறகு வாங்கும் தவணைகளும் முடித்த வேலையின் மதிப்பைத் தாண்டலாகாது.

இவற்றோடு சட்டத்தின் 7108ஆம் பிரிவு இன்னும் ஒன்று சொல்கிறது. ஒரு கட்டடத்திற்கென்று வாங்கிய பணத்தையோ பொருளையோ வேறு வழிக்குத் திருப்பினால் அது தண்டனைக்குரியது. அதுமட்டுமன்று. அந்தப் பணம் அந்தக் கட்டடத்திற்கே செலவாயிற்று என்று கணக்குக் காட்டத் தவறினாலும் தண்டனைக்குரியதே. புகாரில் ஆதாரம் இருக்குமாயின் பதிவாளர் எழுத்து மூலம் குற்றச்சாட்டு அனுப்புவார். காண்டிராக்டர் 15 நாட்களுக்குள் மறுப்புத் தெரிவித்து விசாரணை கேட்கலாம். நிர்வாக நீதிபதி ஒருவர் இரு தரப்பையும் கேட்பார். அதன் முடிவில் லைசென்ஸ் சில காலம் நிறுத்தப்படலாம், நிபந்தனையின் பேரில் விட்டு வைக்கப்படலாம், அல்லது ரத்தாகலாம்.

இத்தகைய குற்றச்சாட்டுக்கு ஆளாகிறவர்கள் எல்லாரும் பணத்தைச் சூதிலும் கேளிக்கையிலும் தொலைத்தவர்கள் என்று எண்ண வேண்டாம். முதல் வீட்டுக்காரர் மரம் வாங்கக் கொடுத்த பணத்தில் இரண்டாம் வீட்டு வேலையாட்களுக்குக் கூலி கொடுப்பது, மூன்றாம் வீட்டுக்காரரின் முன்பணம் வந்ததும் முதல் வீட்டுக்கு மரம் வாங்கிக் கொள்வது என்று கணக்குப் போட்டு நடத்துகிறவர்கள் உண்டு. மூன்றாமவர் மனம் மாறிவிட்டால் முதல் வீட்டுக்குக் கூரையில்லை. "நான் ஒரு காசும் வீட்டுக்குக் கொண்டு போகவில்லையே!" என்று அவர் அழுவார். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம்.

ஆயினும் அவர் செய்தது என்ன? முதல் வீட்டுக்காரரின் பணத்தை, அவருக்குத் தெரியாமல், அவரது பொறுப்பிலேயே இரண்டாம் வீட்டுக்குக் கடன் கொடுத்தார். காரியம் கூடி வந்தால் லாபம் காண்டிராக்டருக்கு. கூடாவிட்டால் நட்டம் வீட்டுக்காரருக்கு. திருப்பி வைக்கும் எண்ணம் நல்லதுதான். ஆனால் அதை நிறைவேற்றும் சக்தி அவர் கையில் இல்லை. மூன்றாமவர் பையில் இருந்தது. தன் கையில் இல்லாத ஒன்றை நம்பிப் பிறர் பொருளைப் பணயம் வைக்க ஒருவனுக்கு உரிமை ஏது?

"மொத்த வியாபாரியிடம் நாம் கடனுக்குச் சரக்கெடுத்து, விற்ற பணத்தை வேறு சரக்கில் போடுகிறோமே, அதுவும் குற்றமா?" என்று கேட்கலாம். அன்று. அவர் தவணை சொல்லிக் கடன் கொடுத்தார். இடையில் அந்தப் பணம் எங்கே சுற்றும் என்பதை அவர் அறிவார். கடன் வேறு, அமானிதம் வேறு. இரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய சோதனை உண்டு. "உங்கள் பணத்தை இன்னதற்கு எடுத்துக் கொள்கிறேன்" என்று கொடுத்தவர் முகத்துக்கு நேரே சொல்ல முடியுமா? சொல்ல நா கூசுமாயின் அதுவே தீர்ப்பு.

இங்கே நியாயமான ஆட்சேபம் ஒன்றுண்டு. கூலிக்காக வேலையாட்கள் வாசலில் நிற்கின்றனர், பெட்டியில் பணமிருக்கிறது, அவர்களைப் பட்டினி போடுவதா? நமது பதில் இது: கூலி கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் பிறர் பணத்தில் தருமம் செய்வது தருமமாகாது. தம் வண்டியை விற்கலாம், தம் பெயரில் கடன் வாங்கலாம், வீட்டுக்காரரிடமே நிலைமையைச் சொல்லிச் சம்மதம் கேட்கலாம். இவை கௌரவத்துக்கு இழுக்கு என்று தோன்றுவதால்தான் ஓசைப்படாமல் பெட்டியில் கை போகிறது. இரக்கம் அவரைக் கெடுக்கவில்லை, வெட்கமே கெடுத்தது.

அங்கே லைசென்ஸ் ரத்தானவர் குறைந்தது ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை மீண்டும் பெற முடியாது. அதன் பின்னரும், தம்மால் விளைந்த நட்டம் முழுவதையும் தீர்த்ததாகக் காட்டினால்தான் பெறலாம். இது நமக்கு மிக நியாயமாகப்படுகிறது. கதவு என்றென்றைக்கும் அடைபடவில்லை. ஆனால் வருத்தம் தெரிவித்தால் மட்டும் அது திறக்காது. இழந்தவருக்கு இழந்தது திரும்ப வேண்டும்.

வியாபாரிகளாகிய நம்மைத் தொடும் பகுதி இனிமேல்தான் வருகிறது. கலிபோர்னியாவில், சாமான் கொடுத்த கடைக்காரருக்குக் காண்டிராக்டர் பணம் தராவிட்டால், கடைக்காரர் சட்டப்படி அந்த வீட்டின் மீதே உரிமை கோரலாம். அதற்கு, சாமான் அனுப்பத் தொடங்கிய 20 நாட்களுக்குள் பொதுவாக முன்னறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும். காண்டிராக்டருக்கு ஒருமுறை பணம் கொடுத்துவிட்ட வீட்டுக்காரர், கடைக்காரருக்கு மறுமுறையும் கொடுக்க நேரிடும். இருவரும் குற்றமற்றவர்கள். நடுவிலிருந்தவர் செய்த தவறு குற்றமற்ற இருவரையும் எதிரிகளாக்கி விடுகிறது.

நாமும் ஒன்று சிந்திக்க வேண்டும். நெடுநாள் பாக்கிக்காரர் ஒருவர் திடீரென்று ரொக்கத்துடன் வந்து பற்றைத் தீர்த்தால் மகிழ்ந்து ரசீது எழுதுகிறோம். நொடித்துப் போயிருந்தவருக்கு இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறோமா? ஒவ்வொரு வெள்ளியையும் துருவிக் கொண்டிருந்தால் கடை நடவாது என்பது மெய்தான். ஆனால் இன்னாருடைய வீட்டு வேலைக்கு வந்த பணம் என்று தெரிந்தே வாங்கிப் பெட்டியில் போட்டால், அந்தப் பாவத்தில் நமக்கும் பங்குண்டு.

இந்த நெறி நம் நாடுகளுக்குப் புதிதன்று. சிங்கப்பூரின் 1965ஆம் ஆண்டுச் சட்டமும், மலேசியாவின் 1966ஆம் ஆண்டுச் சட்டமும், வீடு கட்டி விற்கும் நிறுவனங்கள் வாங்குவோரின் பணத்தைத் தனிக் கணக்கில் வைத்து, விதித்த காரியங்களுக்கே எடுக்க வேண்டுமென இன்று கட்டளையிடுகின்றன. காரணம் எளிது. பல பணம் ஒரே பெட்டியில் கலந்தபின் எது யாருடையது என்று நல்லவனுக்கும் தெரிவதில்லை.

நம் கடைகளைப் பார்ப்போம். சிப்பந்தியின் சம்பளத்தில் சேமநிதிக்கென்று பிடித்த தொகை, ஊருக்கு அனுப்பச் சொல்லி ஒருவர் தந்த பணம், சங்கக் கட்டட நிதிக்கு வசூலித்தது ஆகியவை நம் பெட்டியில் ஓரிரவு தங்கினாலும் நம்முடையவை அல்ல. இவற்றுக்குத் தனிப் பையும் தனிப் பேரேடும் வைப்பது பெரிய செலவன்று. கேட்டவுடன் கணக்கைக் காட்டவும் வேண்டும். "என்னை நம்பவில்லையா?" என்று கோபிப்பது கணக்காகாது.

காசுக்கும் நேர்மைக்கும் நம் மொழியில் நாணயம் என்று ஒரே பெயர். முன்னது குறைந்தால் கடன் வாங்கலாம். பின்னதைக் கடன் கொடுப்பார் எவருமில்லை.